உருண்டைக்கும் ஒரு பெல்ட்

என் கண்ணுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், உருண்டையும் சௌக்கியம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேரைப் பற்றி எழுதினது நிஜம். உருண்டை விஷயத்தில் மட்டும் மூன்று வாரமாக உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன். பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், இப்போதுகூட என் காலடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். முந்தாநாள் போனில் நீ, அடுத்த மாசம் வரும்போது அவனையும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா, போன தடவை கிளம்பினப்ப மாதிரி முன்சீட்ல மடியில வச்சுக்கிட்டே வீட்டுக்கு வரணும் என்றாய். நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றினேன். வீடியோவில் ஏன் எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிறான் என்றும் கேட்டாய். அப்பா அவன் இடது பக்கத்தில் தலையணையை அண்டக்கொடுத்துவிட்டுத்தான் போனைத் திருப்புவார், அந்தத் திருட்டுத்தனத்துக்கு நானும் உடந்தை. போனில் சொன்னால் நீ நடுவில் அம்மா அம்மா என்பாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் நீ கேட்ட சான்றிதழ்களோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

அவனுக்குத் தடுப்பூசி நாள் அன்று. நம் வண்டி சர்வீசுக்குப் போயிருந்தது, அதனால் வகுப்பு முடிந்ததும் எங்கள் டிரைவிங் பயிற்சிப் பள்ளி வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டேன். நீ ஓட்டக் கற்றுக்கொண்ட அதே வண்டிதான், எனக்கு என்று இடது பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்குமே, நீ எப்போது தப்புப் பண்ணினாலும் நான் மிதித்துவிட்டு முறைப்பேனே, அது. அன்றைக்கு ஓட்டுகிற சீட்டில் நான், இடது பக்கம் என் வழக்கமான இடத்தில் உருண்டை. கட்டவில்லை, எதுவும் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெல்ட் போட்டாயா பெல்ட் போட்டாயா என்று கத்திக் கத்தியே தொண்டை போனவள் நான், நம் வீட்டுப் பிள்ளையைச் சும்மா நிற்க வைத்துக் கூட்டிப் போனேன். என் கைப்பையை அவன் சீட்டுக்குக் கீழே, காலடியில் வைத்திருந்தேன். உள்ளே பிஸ்கட் இருந்ததை நான் மறந்துவிட்டேன், அவன் மறப்பானா. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மோப்பம் பிடித்து அத்தனை எடையோடும் கீழே குதித்தான், குதித்தது நேராக அந்தப் பிரேக்கின் மேல்.

வண்டி நட்டநடு ரோட்டில் அப்படியே நின்றது. என் கை தானாக அவன் பக்கம் நீண்டது கண்ணு, காற்றைத்தான் பிடித்தது. என்னைப் பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது, அவனைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன்னங்கால் பெடலுக்கு அடியில் சிக்கி, தலை போய் இடித்து, அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னால் வந்த பால் வண்டி ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த டிரைவர் கோபமாக இறங்கி வந்தார், வண்டி மேலே இருந்த டிரைவிங் ஸ்கூல் போர்டையும் உள்ளே இருந்த எங்களையும் பார்த்துவிட்டு, இதுல யாரும்மா கத்துக்குடுக்கிறவங்க, நீங்களா அதுவா என்றார். அப்புறம் அவன் காலைத் தூக்கிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. தன் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். போகும்போது, பால் பாக்கெட்டையே நான் கயிறு போட்டுக் கட்டித்தாம்மா ஏத்துறேன், ஒரு உசிர இப்படி விட்டு வெச்சிருக்கீங்களே என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இடது முன்னங்கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறது, வருகிற வாரம் பிரிக்கிறார்கள், முன்போல ஓடுவான் என்று அவனுக்கு ஊசி போடுகிற டாக்டரம்மா அடித்துச் சொல்கிறார். நான் ஏன் அவனைக் கட்டவில்லை என்று நீ கேட்பாய், அவரும் கேட்டார். அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உன்னை ஏர்போர்ட்டில் விட்டு வந்த நாளிலிருந்து, வண்டியில் ஏறினாலே அவன் உட்காருவதில்லை. இரண்டு காலையும் முன்னால் ஊன்றி நின்றுகொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்ப்பான். உன்னைக் கூட்டி வரத்தான் போகிறோம் என்று நினைக்கிறான். அவனைப் பிடித்துக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. உன்னை விட வந்த அன்றைக்கும் அப்படித்தான், நீ அழுதுகொண்டே அவனை மடியில் வைத்திருந்தாய், இது தப்பு என்று தெரிந்தும் உன் அழுகையைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. அன்று ஒன்றும் ஆகாதது நம் நல்ல நேரம். பாசமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருமே அசட்டுத்தனம்தான் பண்ணியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் கழுத்துப் பட்டையிலேயே கயிற்றைக் கட்டிவிடலாம் என்று அப்பா சொன்னார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால் அவர் கத்தாத குறைதான், வண்டி நின்றால் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்தீர்களா, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டை வாங்கி அதைப் பின்சீட் பெல்ட்டில் மாட்டுங்கள் என்றார். நான் போய்ச் சிவப்பில் அழகாக ஒன்று வாங்கி வந்தேன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, இத்தனை வருஷம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த புத்தி எங்கே போகும், சோதித்துப் பார்க்காமல் அவனுக்கு மாட்டக் கூடாது என்று ஒரே பிடிவாதம். அவன் எடைக்கு எடை ஒரு பையில் மணலை நிரப்பி, அதற்குச் சிவப்புப் பட்டையை மாட்டிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். காலி மைதானத்தில் கொஞ்சம் வேகமாகப் போய் நான் பிரேக்கை மிதித்தேன். கொக்கி பட்டென்று தெறித்தது, பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பறந்து வந்து முன்னால் மோதிக் கிழிந்தது. வண்டியெல்லாம் மணல். சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. அப்பா அந்தப் பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மண் கலர், ஆனால் இரும்புக் கொக்கி. மூன்று தடவை மிதித்தும் மணல் அசையவில்லை. கால் கட்டின் மேல் படாமல் அதை உருண்டைக்கு மாட்டலாம் என்று டாக்டரம்மாவும் பார்த்துச் சொல்லிவிட்டார். முதல் நாள் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊளையிட்டான். பெல்ட்டில் மாட்டுகிற வாரை ரொம்பக் குட்டையாக வைத்திருந்தோம், அவனால் எழுந்து உட்கார முடியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. உட்கார்ந்து வெளியே பார்க்கிற அளவுக்கு, ஆனால் முன்சீட்டுக்குத் தாவ முடியாத அளவுக்கு அப்பா அதைச் சரி பண்ணினார். கண்ணாடியைக் கொஞ்சம்தான் இறக்குகிறோம், மூக்குக்கு மட்டும் காற்று. இப்போது ஊளை இல்லை, அவன் பாட்டுக்குத் தேடிக்கொண்டு வருகிறான்.

ஆகவே மடி கிடையாது, நீ எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி. நீ வெளியே வரும்போது உருண்டை ஓடி வந்து உன்மேல் பாயமாட்டான், பின்சீட்டில் பூட்டி வைத்திருப்பேன். நீதான் அவனிடம் போக வேண்டும். கொஞ்சுவது, அழுவது எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உன் பெல்ட்டையும் போட்டுக்கொள். ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் கிளம்பும்போது டக் டக் டக் என்று மூன்று சத்தம் வரும், எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. மூன்றும் ஆன பிறகும் அவன் ஜன்னலைப் பார்ப்பதில்லை, பக்கத்துக் காலிச் சீட்டைப் பார்க்கிறான். அவன் எண்ணுகிறான், இன்னும் ஒன்று பாக்கி என்கிறார் அப்பா. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன், ஆனால் எனக்கும் அந்த நாலாவது சத்தம் கேட்காமல் கை சாவிக்குப் போக மாட்டேன் என்கிறது.

நீ நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இரு. அங்கே டாக்சியில் பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட்டைப் போடு, வண்டிச் சத்தத்தை வைத்தே போனில் கண்டுபிடித்துவிடுவேன். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று மறக்காமல் அப்பாவுக்கு எழுது.

உன்னை ஏமாற்றியதற்காக வருந்தும்,
உன் அம்மா