தொட்டிக்குள் ஒரு கடல்

ஜூன் 9, திங்கள்

ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இன்று தொட்டி மணலில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அச்சு நன்றாகவே விழுந்தது. பம்ப் போடும் வேம்புலி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா கோமளா, கடலுக்கு அடியில பூசணிக்கா வெச்சுகினு கீறியா?"

"உன் தல சைசுக்குத்தான் வெச்சேன் அண்ணாத்தே."

அம்பத்தூர் எஸ்டேட் ஷெட்டுக்குள் நீளமாக ஒரு தொட்டி. அதுதான் எங்கள் கடல். நிஜக் கடலில் காற்றாலை நடப்போகிறவர்களுக்காக, இங்கே மணலில் குட்டிக் கம்பம் நட்டுத் தண்ணீர் ஓட்டிப் பார்க்கிறோம். கடல் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. தண்ணீர் கம்பத்தைச் சுற்றிச் சுழன்று மணலைப் பறிக்கும். காலையில் நான் மட்டம் பண்ணுவேன். சாயங்காலம் அது குழி பண்ணும். மறுபடி நான். யார் வேண்டிக்கொண்ட வேண்டுதல் இது?

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளிக்கிழமை காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். கம்பத்தைச் சுற்றிக் கொட்டிய கல், மணலைக் காப்பாற்றுமா என்று காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் ஷெட்டைக் குடோனுக்கு விட்டுவிடுவாராம் முதலாளி கஜபதி. இன்ஜினியர் பெண் ஜெபா சாப்பிடவே இல்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளை.

"துன்னு கண்ணு, கல்லு எங்கயும் ஓடிப் பூடாது" என்றேன்.

ஓடிவிட்டது. சாயங்காலம் தண்ணீரை வடித்தால், ஓரத்துக் கல்லெல்லாம் குழிக்குள் சரிந்து கிடக்கிறது.

ஜூன் 11, புதன்

ஐயோ. ஐயோ. எழுத முடியாது இன்னைக்கு.

ஜூன் 12, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன். செவ்வாய் சாயங்காலம் கிளம்பும்போது ஜெபா, "அக்கா, ஸ்கவரைத் தொடாதீங்க, காலைல அளக்கணும்" என்றாள். என் காதில் விழுந்தது கவர். தொட்டியைப் படம் பிடிக்கிற கேமராமேல் ஒரு பிளாஸ்டிக் கவர் மூடியிருக்கும். அதை நான் தொடவே இல்லையே! மறுநாள் சீக்கிரம் வந்து, நல்லது செய்வதாக நினைத்து, சரிந்த கல்லைத் திரும்ப அடுக்கி, குழியை மூடி, வழித்துவிட்டேன். கோலம் போடலாம், அப்படி ஒரு மட்டம்.

"அக்கா... குழி எங்க?"

"மூடிட்டேன் கண்ணு."

"அந்தக் குழிதான் ஸ்கவர்."

அழுதுவிட்டாள். ஏன், குழின்னா குழின்னு சொல்றது! சொன்னா வாய் சுளுக்கிக்குமா? வேம்புலி வேறு: "கடலையே பெருக்கித் தள்ளிட்டியேம்மா!"

நேற்றே முதலிலிருந்து ஆரம்பித்தோம். அடியில் சின்னக் கல், மேலே பெரிய கல், முன்னைவிட அகலமாகப் போடச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு போட்டேன் — அதுதான் பெரிய வேலை. இன்று இரண்டு பக்கமும் ஓட்டியாயிற்று. கல் நிற்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பள்ளம். கை அரிக்கிறது. பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மூன்று பேர் வந்தார்கள். அதில் பெரியவர், "ஓரத்துல தோண்டுதே?" என்றார்.

"தோண்டும் சார். ஆனா கம்பத்துக்கிட்ட வராது" என்றாள் ஜெபா.

அவர்கள் கண்ணெதிரிலேயே தண்ணீரைத் திருப்பித் திருப்பி ஓட்டினோம். வரவில்லை.

மதியம் கஜபதி கூப்பிட்டு, திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு லோடு மணல் சொல்லச் சொன்னார். இரண்டு லோடு! அவரா வந்து மட்டம் பண்ணப்போகிறார்?

கிளம்புவதற்குமுன் பெரியவர் போட்டோ எடுக்கக் குனிந்தார். அவர் போன் தொட்டியில் விழுந்து மணலில் நட்டுக்கொண்டு நின்றது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. போனைச் சுற்றிக் குழி விழ ஆரம்பித்தது. ஜெபா அளந்து முடித்தபின் எடுத்துக் கொடுத்தோம்.