படையலுக்கு ஐஸ்கிரீம்

ஜூலை 7, செவ்வாய்

காலையில் லேசான தூறல். காயப்போட்ட துணி முழுக்க எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல். மறுபடி அலசல். விடிந்ததும் விடியாததுமாகக் கடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு வருஷப் படையல். காய்ச்சல் என்று படுத்தவள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உட்கார்ந்துதான் வந்தாள். திரும்பி வரவில்லை. பதினைந்து வயசு.

கறி, வஞ்சிரம், முட்டை, வடை. இதெல்லாம் எல்லா இலையிலும் விழுவது. அவள் ஆசைப்பட்டது வேறு. போனில் ஒரு வீடியோ. வீட்டிலேயே செய்கிற ஐஸ்கிரீம். அதற்குள் கலர் மிட்டாய், சாக்லேட், நடுநடுவே பிஸ்கெட் மாவு, சுடாமல், அப்படியே உருண்டை உருண்டையாக. "காலாண்டு லீவு வுடட்டும்மா, செய்லாம்" என்று என் உயிரை எடுத்தாள். லீவு விட்டபோது அவள் இல்லை.

ஆசைப்பட்டதை வைக்காமல் அது என்ன படையல்? செய்யப்போகிறேன்.

இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ இன்னா வேணா பண்ணு. நான் வந்து குந்தமாட்டேன்" என்றார். பதினாறாம் நாளும் இதே கதை. இலை போட்டதும் எழுந்து போய்விட்டார். என் அண்ணன்தான் கற்பூரம் ஏற்றினான். பெற்ற அப்பன் இருக்கும்போது.

ரேஷன் போகவில்லை. மறந்துவிட்டேன்.

ஜூலை 8, புதன்

வெயில். பஸ்ஸில் நின்றபடியே ராயபுரம் வரை. கால் வீக்கம்.

வேலை பார்க்கிற மளிகைக் கடையில் மிளகாய் லோடு இறங்கியது. நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே பில் போட்டேன். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சியிடம் மிட்டாய் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். பிறகு அவரே எழுந்து போய் டப்பா டப்பாவாகத் திறந்தார். "இந்தச் செவப்பு வேண்டாம்மா, சாயம் எறங்கும். இதை எடுத்துக்கோ. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும்."

பிள்ளைகளுக்கு என்றதும் எனக்குத் தாங்கவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மிளகாய் நெடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வந்து சேர்ந்தவை: பட்டன் மிட்டாய், தேன் மிட்டாய், சாக்லேட் கட்டி, மைதா, வெண்ணெய், கெட்டிப்பால் டின். பால் மட்டும் அன்றன்றைக்கு.

கீழ் வீட்டு மேரி அக்காவுக்கு மாவு விஷயம்தான் புரியவில்லை. "பச்ச மாவையாடி? வவுறு கட்டிக்குமே!"

"துன்னப்போறவளுக்கு வவுறு எங்கக்கா கீது?" என்று கேட்டுவிட்டேன். என் வாயில் சனி. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மைதாவை வறுத்துவிட்டுப் பிசையச் சொன்னாள்.

ஜூலை 9, வியாழன்

லீவு சொல்லிவிட்டேன். இன்று ஒத்திகை.

பாலைச் சுண்டக் காய்ச்சி, கெட்டிப்பால் ஊற்றி, ஆறவைத்து ஃப்ரீசரில் வைத்தேன். ஒத்திகை என்பதால் ஒரு வாய் ருசி பார்த்தேன். நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இது நடக்காது. படையலுக்குச் செய்வதை வாயில் வைக்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. முதல் வாய் போனவர்களுக்கு.

நடுவில் கரண்ட் போனது. சாயங்காலம் திறந்தால் மேலே ஆடை, அடியில் பாயசம். இந்தப் பழைய ஃப்ரிட்ஜை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மேரி அக்கா சொன்ன வழி: "அன்னக்கூடையில ஐஸக் கொட்டி, கல்லுப்பு போட்டு, அதுக்குள்ள தூக்குச்சட்டிய வச்சி சுத்துடி. தன்னால கெட்டியாவும். ஐஸுக்கு இன்னா பஞ்சம்? உன் வூட்டுக்காரர் வேலையே அதான?"

இவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷினில் இருக்கிறார். வந்ததும் கேட்டேன்.

"மீன் மேல கொட்ற ஐஸுடி அது. கலீஜு."

"தூக்குக்கு வெளியதான வைக்கப்போறேன்."

டிவி சத்தத்தைக் கூட்டினார். பார்ப்பது என்னவோ சுவரை.

ஜூலை 10, வெள்ளி

புழுக்கம். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் கீழேயிருந்து சுமந்தேன்.

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். ஊரே வந்து உட்காரும், அப்பன் மட்டும் எங்கே என்று கேட்பார்களே, நான் என்ன பதில் சொல்ல என்றேன். கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு:

"எல போட்டா அது செத்துட்ச்சின்னு நானே ஒத்துகினா மாரி, சாந்தி. அது ஸ்கூலுக்குப் போய்க்கீதுன்னு நெனச்சிகினுதான் நான் தெனம் வேலைக்குப் போறேன். அத்தயும் புடுங்காத."

ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டா நடமாடினார்? எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கோபமும் வந்தது. அவருக்கு ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. அவளுடைய யூனிபார்மை மடித்துப் பெட்டியில் வைத்தவள் நான்.

"அப்ப நான் மட்டும் தனியா அழுதுகினு கெடக்கணுமா?" என்றேன். லுங்கியோடு கீழே இறங்கிப் போனார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இந்த மனுஷன் என் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஒருத்தியாக இனி முடியாது.

ஜூலை 11, சனி

வீடு கழுவினேன். போட்டோவைத் துடைத்தேன். அதில் சிரிக்காமல் முறைக்கிறாள். ஸ்கூல் அடையாள அட்டைக்கு எடுத்தது. வேறு நல்ல போட்டோ எடுக்கவே இல்லையே நாங்கள்.

மைதா வறுத்து, வெண்ணெய் சர்க்கரை சேர்த்துப் பிசைந்தேன். சாக்லேட்டைக் கொத்திப் போட்டேன். கோலிக்குண்டு அளவில் உருண்டைகள். விரல் தானாக வாய்க்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

இவர் வந்தார், பார்த்தார், சாப்பிட்டார், படுத்தார். ஐஸ் பற்றிப் பேச்சே இல்லை. கடையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வாங்கி வைத்துவிடலாமா என்று தோன்றியது. அவள் கேட்டது அதுவா? இல்லை.

வெற்றிலை வாங்க வேண்டும். வாழை இலை மேரி அக்கா பொறுப்பு.

ஜூலை 12, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

எழுந்தபோது இவர் இல்லை. பைக்கும் இல்லை. ஓடிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். வடைக்கு அரைத்துக்கொண்டே திட்டினேன், அழுதேன், இரண்டும் சேர்த்து.

குழம்பு கொதிக்கும்போது படியில் தொப்பென்று சத்தம். இவர்தான். தோளில் கோணிப்பை, முதுகெல்லாம் தண்ணீர். "மீன் படாத ஐஸு. மிஷின்லர்ந்து நேரா புட்ச்சிகினு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்னக்கூடையில் கொட்டி, காய்ச்சி ஆறவைத்த பாலோடு தூக்குச்சட்டியை நட்டு, நான் சுற்ற ஆரம்பித்தேன். பார்த்துக்கொண்டே நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சுத்தற நீ? அப்டி சுத்தினா பொங்கலுக்குத்தான் ஆவும். இப்டி குடுடி." வாங்கிக்கொண்டு குந்தினார். கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார், மீன் லோடு கட்டுவதுபோல. சுற்றினார், சுற்றினார், கை சிவந்து போனது. மாறிக்கொள்கிறேன் என்றால் விடவில்லை. கூழ் பதத்துக்கு வந்ததும் திறந்து, மிட்டாயையும் மாவு உருண்டைகளையும் கொட்டினேன். மூடி மறுபடி சுற்றல். யாரும் ருசி பார்க்கவில்லை.

அண்ணன் குடும்பம் வந்தது. மேரி அக்கா வந்தாள். இலை போட்டாயிற்று. எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ்கிரீம், மேலே கலர் கலராக மிட்டாய். இவர் வாசலில் நின்றார், எங்களுக்கு முதுகு காட்டி. அண்ணன் தீப்பெட்டியை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலைப் பார்த்து, "யோவ், உருகுதுய்யா" என்றேன்.

வந்தார். தீப்பெட்டியை வாங்கினார். ஈரக் கை, இரண்டு குச்சி வீண். மூன்றாவது பற்றியது. கற்பூரம் எரிந்து முடிகிறவரை போட்டோவையே பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாத மனுஷன். அண்ணனும் அக்காவும் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார்கள், காக்காய்க்குச் சோறு வைக்க.

கிண்ணத்தை எடுத்தவர் இவர்தான். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. நிதானமாக, சோறு சாப்பிடுவது மாதிரி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் ஒரு வாய் எடுத்தேன்.

கடல் தண்ணீர். மூடி சரியாக உட்காராத தூக்கு. சுற்றச் சுற்ற உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"யோவ்! வாய்ல வைக்க முடில. எப்டிய்யா துன்னுகினு கீற?"

கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பாப்பா செஞ்சிருந்தா இப்டித்தான் வந்திருக்கும்" என்றார்.

கிண்ணத்தை எங்கள் நடுவில் நகர்த்தினார். மாவு உருண்டைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, "இத்த நீ துன்னு. உள்ள உப்பு எறங்கல" என்றார்.