இடது பின்பக்கம் மூன்று சென்டிமீட்டர்

அல்வால்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அபி,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடிதம் என்றதும் நீ பயந்துவிடுவாய். அப்பாவின் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. டப்ளின் குளிரில் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகப் படி, ஆனால் கடைசிவரை படி.

நம் கார் இரண்டு மாதமாக இடது பின்பக்கம் சாய்ந்து நின்றது. ஹப்சிகுடாவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் ஓவர்லோடு சார் என்றார்கள், ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு ரப்பரைச் செருகி அனுப்பிவிட்டார்கள். ஓவர்லோடு என்ற அந்த ஒரு வார்த்தை அப்பாவுக்குப் போதும். நம் டிரைவர் கிருஷ்ணாவின் மனைவி லலிதா ஞாயிறு சந்தையில் காய்கறி விற்கிறாள் அல்லவா, அவன் மூட்டைகளை நம் வண்டியில் ஏற்றியிருக்கிறான் என்று அப்பாவே முடிவுகட்டிவிட்டார். அவன் இல்லை சார், பைபிள் மேல் கைவைத்துச் சொல்லட்டுமா என்று கேட்டான். உனக்கு எதுக்குடா எங்க பைபிள் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் கேட் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு டீ கொடுக்கத் தனி டம்ளர் வைத்திருந்ததும் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலமே அப்பா காலனி வாட்ஸப் குரூப்பில், கிருஷ்ணா என்ற டிரைவரை யாரும் வைக்க வேண்டாம், நம்பத்தகாதவன் என்று காலனி சங்கச் செக்ரட்டரி என்ற முறையில் போட்டார். நம் வீட்டோடு சேர்த்து நான்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று நாளில் நான்கும் போய்விட்டது.

ரப்பர் வைத்த பிறகும் வண்டி நிமிரவில்லை, பள்ளத்தில் இறங்கினால் டக்கென்று ஒரு சத்தம் வேறு. போன சனிக்கிழமை நானே லோத்குண்டாவில் ராகேஷ் என்பவரின் ஷெட்டுக்கு ஓட்டிப்போனேன். அவர் முதலில் டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்தார். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, நாலு மூலையையும் அழுத்தி அழுத்திவிட்டு வண்டியை அடங்கவிட்டார். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே தகட்டின் விளிம்புவரை டேப் பிடித்தார். முன்பக்கம் இரண்டும் ஒன்று. பின்னால் வலது முப்பத்தெட்டு சென்டிமீட்டர், இடது முப்பத்தைந்து. தூக்கிப் பார்த்தால் இடது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிந்து துருப்பிடித்துக் கிடந்தது. பாரம் ஏற்றியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இறங்கும் அம்மா, இது ஒரே பக்கம் பள்ளத்தில் விழுந்து விழுந்து அடிவாங்கினது என்றார்.

எந்தப் பள்ளம் என்று எனக்குத் தெரியும். பின்னாலிருக்கும் குடிசைப் பகுதியின், அந்த பஸ்தியின் ஆட்டோக்கள் நம் தெருவில் வரக்கூடாது என்று அப்பா நின்று உயர்த்தினாரே ஸ்பீடு பிரேக்கர், அதற்காகத் தோண்டிய இடது பக்கக் குழியை இன்றுவரை மூடவில்லை. ஆட்டோக்காரர்கள் வழக்கம்போல வலது ஓரமாக வளைந்து போகிறார்கள். நம் வண்டிதான் தினமும் அதில் விழுந்தது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி சாயும் என்று ராகேஷ் இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றினார். ரப்பரைத் தூக்கி எறிந்தார். போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் வாங்கிய பிறகுதான் இறுக்கினார், தூக்கிய நிலையில் இறுக்கினால் உயரம் தப்பாக நிற்குமாம். இப்போது இரண்டு பக்கமும் முப்பத்தெட்டரை.

ஒடிந்த துண்டை அப்பா முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, அவனை நாளைக்கு வரச் சொல்லு என்றார். குரூப்பில் எழுதியதை என்ன செய்வது என்றேன். அதெல்லாம் நக்கோ, வேண்டாம், செக்ரட்டரி மாத்தி மாத்தி எழுதினா எவன் மதிப்பான் என்றார். கிருஷ்ணாவுக்குப் போன் செய்தேன். உங்க வீட்டுக்கு வர்றது பெரிசு இல்ல மேடம், மத்த மூணு கேட்டை யார் திறப்பாங்க என்று கேட்டான். நம் தெருவுக்குப் புதிதாக வந்த ஜெயச்சந்திரன் குடும்பம் டிரைவர் வேண்டும் என்று குரூப்பில் கேட்டிருக்கிறது, சனிக்கிழமைக்குள் ஆள் பார்த்துவிடுவார்களாம்.

அந்தக் குரூப்பில் நான் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். அப்பா செக்ரட்டரி என்பதால் இருக்கிறார்; வீடு உன் பெயரில் இருக்கிறது, அதனால் நீ இருக்கிறாய். அப்பாவின் போனில் பார்த்தேன், அவர் போட்ட செய்திக்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று உன்னுடையது. டப்ளினில் பஸ்ஸில் போகும்போது பார்க்காமல் அழுத்தியிருப்பாய். இங்கே அதை எண்ணித்தான் மூன்று வீட்டிலும் அவனை நிறுத்தினார்கள்.

சனிக்கிழமைக்கு முன்னால் இதை எழுது: எங்கள் கார் பழுதுக்குக் கிருஷ்ணா காரணமில்லை, ஸ்பிரிங் ஒடிந்தது நம் தெருக் குழியால், அவர் மேல் சொன்னது தவறு. ‘அவர்’ என்றே எழுது. அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசமாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வைட்டமின் மாத்திரையை விடாதே. எழுதிய பிறகு எனக்குச் சொல்ல வேண்டாம், கிருஷ்ணாவுக்குச் சொல், நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
ஆக்னஸ் சிலாஸ்