ஓடச் சொன்ன காட்சி

திங்கள், ஓகஸ்ட் 4
சோளகக் காற்று. கண்ணெல்லாம் மணல். பள்ளிக்கூட விடுமுறையில் ஆங்கில ரீச்சருக்கு மொழிபெயர்ப்பு வேலை. கொக்குவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வல்வெட்டித்துறைக் கடற்கரை.

வெள்ளைக்காரர் எடுக்கும் பேய்ப்படம். கதை: உல்லாசப் பயணிகள் மூவர் இங்கே வருகிறார்கள். வானத்தில் பேரோசை. கடலிலிருந்து செத்தவர்கள் எழும்பி வர, உலகம் முடிகிறது. தனியாகக் கமெராக்காரர் கிடையாது. நடிகை எம்மா தன் போனில் எடுப்பதுதான் படம். எல்லாரும் செத்தபின் யாரோ அந்தப் போனைக் கண்டெடுப்பார்களாம்.

உலகமே அழிந்தால் கண்டெடுப்பது யார் என்று இயக்குநர் டானியலிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

வாளி நிறையப் பொய் இரத்தம், சீனிப்பாகு போல. இலையான் மொய்க்கிறது. பேய்கள் நிழலில் இருந்து வடை சாப்பிட்டன. பொய்ப் பல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

தொப்பி வாங்க வேண்டும்.

செவ்வாய், ஓகஸ்ட் 5
காற்றுக் குறைவு. ஊர்ச்சனம் நாற்பது பேர், துணை நடிகர்களாக. டானியல் சொன்னதை ஒலிபெருக்கியில் அப்படியே சொன்னேன்: சத்தம் கேட்டதும் கத்திக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓட வேண்டும்.

ஒலிபெருக்கியில் அந்தப் பேரோசையைப் போட்டார்கள். வானத்தைக் கிழிப்பது போல ஓர் இரைச்சல்.

ஒருவரும் ஓடவில்லை. நாற்பது பேரும் மணலில் குப்புற. ஒரு குரல் இல்லை. எம்மா மட்டும் கத்திக்கொண்டு ஓடி, திரும்பிப் பார்த்து, நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னீர்கள் அவர்களிடம்?" டானியலுக்குக் கோபம். சரியாகத்தான் சொன்னேன் என்றேன். சொல்லும்போதுதான் கவனித்தேன், நானும் தரையில். வாயில் மணல்.

சந்தையில் மீன் வெட்டும் செல்வமலர் அக்கா எழும்பிச் சீலையைத் தட்டினார். "உவர் ஓடச் சொல்லுறார். குண்டு போடேக்கை ஓடினால்தானே, ரீச்சர், சாவு?"

மொழிபெயர்த்தேன். படப்பிடிப்பு நிறுத்தம்.

புதன், ஓகஸ்ட் 6
வானம் மப்பு. மழை இல்லை. டானியல் காட்சியை மாற்றுகிறார். எப்படிப் படுப்பது என்று எம்மாவுக்குக் காட்டச் சொன்னார். அக்கா காட்டினார். முழங்கை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து.

வாய் எதற்கு என்று எம்மா கேட்டாள்.

"மூடினால் காது வெடிச்சிடும், பிள்ளை."

எம்மா வாயைத் திறந்து படுத்தாள். அக்காவுக்குச் சிரிப்பு. எனக்கும்.

பிறகு டானியல் மெதுவாக என்னிடம்: அவர் யாரையாவது இழந்தாரா, கேளுங்கள்.

நான் வேறொன்று கேட்டேன். "எவ்வளவு நேரம் அப்பிடிக் கிடப்பியள் எண்டு கேக்கிறார், அக்கா."

அக்கா என்னையே பார்த்தார். "உவர் கேட்டது உதில்லையே, ரீச்சர்."

"ஓம் அக்கா. அதில்லை."

"அப்ப சொல்லுங்கோ. என்ரை மனிசன் ஓடினவர்."

சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்றே சொல். டானியல் தொப்பியைக் கழற்றினார். கமெராவில் அதை இன்னொருக்கால் சொல்லக் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

வியாழன், ஓகஸ்ட் 7
கொளுத்தும் வெயில். மாற்றிய காட்சி: ஊர்ச்சனம் படுத்திருக்கும், எம்மா மட்டும் போனைப் பிடித்தபடி ஓடுவாள். பேய்கள் கடலில், இடுப்பளவு தண்ணீரில், தயார்.

இரைச்சல். எல்லாரும் விழுந்தோம். எம்மா ஓடி வந்தாள். அக்காவைத் தாண்டும்போது ஒரு கை எழும்பி அவள் காலைப் பிடித்தது. காட்சியில் இல்லாத கை.

"படு பிள்ளை, படு!"

எம்மா விழுந்தாள். அக்கா அவள் மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டார். போன் மல்லாந்து கிடந்து வானத்தை எடுத்துக்கொண்டிருந்தது. இரைச்சல் நின்றுவிட்டது. பேய்கள் தண்ணீருக்குள் அப்படியே நின்றன.

டானியல் நிறுத்தச் சொல்லவில்லை. அக்கா எழும்பவில்லை; எம்மாவைப் பிடித்த பிடியையும் விடவில்லை.