சமூகக் கூடச் சுவரில் பிள்ளைகளின் முகநிறத்தை மாற்றியது குறித்து

அனுப்புநர்:
துறைமுகச் சுமைதூக்கி (ஓய்வு),
நான்காம் தொகுதி, மூன்றாம் மாடி,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: சுவரில் உள்ள முகங்களைப் பிள்ளைகளே திரும்ப வரையவும், நிறுத்திய ஓவிய வகுப்பை மீண்டும் நடத்தவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. வணக்கம். நான் எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றவன். இந்த மனு முழுவதும் என் கையெழுத்தே என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மூட்டையைவிடப் பேனா கனக்கிறது. வரிகள் கோணினால் பொறுத்தருள்க.

2. எங்கள் முன்னோர் இந்த நகரத்துக்குக் கூலிகளாக வந்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தும் பள்ளியில் அவர்களுக்குக் 'கரிச்சட்டி' என்றுதான் பெயர். என் பேத்திக்கு வயது பதினைந்து. வகுப்புப் புகைப்படத்தில் தன் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தவள்.

3. சமூகக் கூடத்தில் ஓர் ஆசிரியை சனிக்கிழமைகளில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடியைப் பார்த்து அவரவர் நிறத்தை அவரவரே கலக்க வேண்டும் என்பது அவர் விதி. பேத்திக்கு அது பிடிபட வெகு நாளாயிற்று. பிறகு எல்லோரும் வெளிச்சுவரில் தங்கள் முகத்தை வரைந்து, கீழே ஒரு வரி எழுதினார்கள். "இது என் நிறம். நானே கலந்தது" என்பது அவள் வரி. தெருவில் நின்று நானாகப் படித்த முதல் வாசகம் அதுதான், ஐயா. நாலு பேர் கேட்க உரக்கப் படித்தேன். "தாத்தா, மானத்தை வாங்காதே" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிரித்துக்கொண்டேதான் இழுத்தாள்.

4. சென்ற மாதம் அமைச்சர் வருகைக்காக நகராட்சி ஆட்கள் சுவரைச் சீர்செய்தார்கள். கண், மூக்கு, எழுத்து எதையும் தொடவில்லை. முகங்களுக்கு மட்டும் ஒரே வெளிர் ரோஜா நிறம் பூசினார்கள். வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். கேட்கப் போனபோது மேற்பார்வையாளர், "பெரியவரே, அழகாத்தானே ஆக்கியிருக்கோம், இதுக்கு ஒரு சண்டையா?" என்றார். அவள் வரி அந்த முகத்தின் கீழே அப்படியே இருக்கிறது. அவள் பெயரில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

5. "சுவத்துல வெளுத்துட்டே, நேர்ல எப்போடி?" என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அவள் சிவப்பழகு க்ரீமை அளவில்லாமல் பூசிக்கொண்டாள். கன்னம் வெந்துவிட்டது. பள்ளிக்குப் போவதில்லை. வீட்டுக் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

6. ஆகவே, சுவரைப் பிள்ளைகளிடம் திரும்ப ஒப்படைத்து, அந்த ஆசிரியையையும் வரவழைக்க வேண்டுகிறேன். தாங்கள் நேரில் வந்து பார்த்தால் நல்லது. எங்கள் வீட்டுக்கும் வரலாம். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வெளியே வரச் சொல்ல வேண்டாம், ஐயா. புண் இன்னும் ஆறவில்லை.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: மூன்றாம் மாதம், பதினான்கு

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
பெண்ணின் தாத்தா