சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாடம்

கடப்பேரி,
18.3.2007

டியர் மாமா,

உன் தேசம்மா எழுதுகிறேன். நான் இங்கே நல்ல சுகம் என்று எழுதினால் பொய். அங்கே நீ சுகமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. உன் பாடத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் கை, கோணலாகத்தான் இருக்கும்.

உன் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நம் பாப்பாவுக்குப் பத்தாவது பரீட்சை நெருங்குகிறது. அழாமல் படிக்கிறாள், அதுதான் எனக்குப் பயம். சமையல்கட்டு மேலே ஒழுகின இடத்தில் நானே ஏறித் தார் ஷீட் போட்டேன். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

மனதில் இருப்பதை எழுதுகிறேன். எனக்குப் பொறாமை, மாமா. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மேல். அவள் என்னைக் கண்டால் பூ வைத்த தலையை முந்தானையால் மூடிக்கொள்கிறாள். என் மனசு நோகக்கூடாதாம். மூடாமல் போயிருந்தால்கூட இவ்வளவு எரியாது.

ஆசிட் டேங்கர் ஓட்டும் வகுப்புக்கு முதலாளி தேவானந்தம் உன் பெயரையும் அவள் புருஷன் ஏகாம்பரம் அண்ணன் பெயரையும் ஒன்றாகத்தான் எழுதி, ஆளுக்கு ஒரு கட்டுப் பாடத் தாளும் கொடுத்தார். டேங்கர் ஒன்று, பாஸ் பண்ணுகிறவர்களில் சீனியருக்கு வண்டி என்றார். சீனியர் நீ. பத்து வருஷம் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றின உடம்பு, இனி மணலியில் லோடு எடுத்துத் திருமுடிவாக்கத்தில் இறக்கினால் சாயங்காலம் வீடு என்று எத்தனை முறை சொன்னாய். வகுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, லாரி கழுவுகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் உன் காரியத்துக்காக அந்த வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வகுப்புக்குப் பெயர் மாற்றிக்கொண்டார். அது போன திங்கட்கிழமை.

அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த வீட்டில் பாடம். ஒற்றைக்கல் சுவர், எல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. நான் தாளைப் பிடித்துக் கேட்க நீ சொன்ன மாதிரியே பச்சையம்மா கேட்கிறாள், அண்ணன் சொல்கிறார். நம் வீட்டு விளையாட்டை அவர்கள் எடுத்து விளையாடுகிறார்கள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அந்தச் சத்தத்தை அமுக்க மிக்சி இல்லாத வீடு, அம்மியில் இழுத்து இழுத்து அரைத்தேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாதே, எப்படிக் கேட்கிறாள் என்று சுவரில் காது வைத்தேன். சிரிப்பு வந்தது. "மொதோ தாளு சொல்லு", "ரெண்டாந்தாளு சொல்லு" என்கிறாள். அண்ணன் தடங்காமல் சொன்னால் "கரீட்டு". தடங்கினால் "தப்பு, மறுக்கா சொல்லு". அதுதான் அவள் மார்க் போடுகிற விதம்.

புதன்கிழமை அண்ணன் மூன்றாம் தாள் சொன்னார். "ஆசிட்டு ரோட்ல கொட்னா தண்ணி ஊத்து. ஆளு மேல பட்டா மண்ணப் போடு." தடங்கவே இல்லை. பச்சையம்மா "கரீட்டு" என்றாள்.

தலைகீழ், மாமா. உனக்கு முப்பது தடவை கேட்டவள் நான். மேலே பட்டால் தண்ணீர், ரோட்டில் கொட்டினால் உலர்ந்த மண். கொட்டின ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும் என்று நீதான் கையை விரித்துக் காட்டினாய்.

நான் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் அவர் அதையே தடங்காமல் சொன்னார், அவள் கரீட்டு கரீட்டு என்றாள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்லி பெயில் ஆகட்டும், என் வீட்டுக்காரன் சீட்டில் எவனும் உட்கார வேண்டாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை குழாயடியில் பச்சையம்மா என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சொன்னாள். "ஒர்த்தர்க்கு ரெண்டு கேள்விதான் கேப்பாங்களாங்கா. லக்கு இருந்தா பாஸு." அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வி வராமல் போனால் அவர் பாஸ் ஆகிவிடுவார். தப்பு தலைக்குள்ளேயே இருக்க, டேங்கரில் ஏறிவிடுவார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளும் என்னைப் போல உட்காரட்டும், அப்போது தெரியும் என்று தோன்றியது. என் குடம் அவள் இடுப்பில் இருந்தது, மாமா. அப்போதுதான் தோன்றியது.

ஞாயிறு சாயங்காலம் கடைசிப் பாடம். மூன்றாம் தாள் வந்தது. "ரோட்ல கொட்னா..." என்று அவர் ஆரம்பிக்க, குழம்புக் கரண்டியால் சுவரை அடித்துக் கத்திவிட்டேன். "யண்ணா! தண்ணி ஊத்திடாத! ரோட்ல மண்ணு, ஆளுக்குத்தான் தண்ணி! மாத்திச் சொல்லினுகீற!"

அந்தப் பக்கம் இருந்து பச்சையம்மா, "இன்னாக்கா, தடங்காமதானே சொன்னாரு?" என்றாள். "நீ சும்மா இரு. நாலு நாளா பொண்டாட்டி பேச்சக் கேட்டுச் சாவ இருந்தேன்" என்றார் அண்ணன். "யக்கா, நீயே மிச்சத்தையும் கேட்டுடேன்" என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

உன் தாளை எடுத்தேன். சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்டேன். டேங்கர் முதுகில் ஆயிரத்து எண்ணூற்று முப்பது என்று எழுதியிருந்தால் என்ன? "ஆசிட்டு." லீக் ஆனால் எந்தப் பக்கம் நிற்பாய்? "காத்து எங்கேர்ந்து வர்தோ அந்தப் பக்கம்." முதலில் யாருக்கு போன்? அங்கே தடங்கினார். "சொல்லாத, சொல்லாத, நானே சொல்றேன்" என்றார். நீயும் அப்படித்தானே சொல்வாய். அதே இழுப்பு. "டைம் முட்ஞ்சி போச்சு, பெஞ்சு மேல ஏறு" என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்வதை. மூன்று பேரும் சிரித்தோம். நீ போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். உள்ளே இருந்து பாப்பா எழுந்து வந்து என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எனக்கு வெட்கமாகிவிட்டது, எழுந்துபோய் முகம் கழுவினேன்.

அண்ணன் பாஸ். வெள்ளிக்கிழமை லைசென்ஸில் முத்திரை குத்தி வந்துவிட்டார். அவரிடம் கேட்டது அந்த மூன்றாம் தாளைத்தானாம். பச்சையம்மா கேசரி கொண்டுவந்தாள், தலையில் பூவோடு, மூடாமல். நல்லா இருடி என்றேன். பாதி மனசுதான். இன்னும் பாதி எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நாளைக் காலை அவர் முதல் லோடு எடுக்கிறார். நீ உட்கார்ந்திருக்க வேண்டிய சீட்டு. அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் அவள் வாசலில் கேட்க வேண்டும். அங்கே உன் சொல் எடுபடும் என்றால் நீயும் ஒரு வார்த்தை சொல்லி வை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இப்படிக்கு உன் தேசம்மா ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் பாடத்தை நான் வேறு ஆளுக்குக் கேட்டேனே, கேட்டுச் சிரித்தேனே, அப்போது உனக்கும் கொஞ்சம் வயிறு எரிந்ததா, மாமா?