தலையாட்டச் சொன்ன வக்கீல்

என் அருமை அண்ணா,

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. நீ வாதாடிய போலீஸ் கோர்ட்டுக்குள் நான் போன வாரம்தான் முதல்முறையாகக் கால் வைத்தேன். பதினோரு வருஷமாகச் சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் நடத்துகிறவன் நான்.

தாராவியில் தோல் பதனிடும் காதர் மைதீனை உனக்குத் தெரியாது. இங்கே கலவரம் நடந்த அன்று வேலை முடிந்து வீடு திரும்பிய அவரையும், கல்லெறிந்த கும்பலோடு சேர்த்துப் போலீசார் பிடித்துவிட்டார்கள். அவருக்காக ஆஜரான வக்கீல் ராமநாதன், மாட்டுங்காப் பையன், என் மாணவன். கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறியவன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். ஓராண்டு கடுங்காவல் விழுந்தது.

காதரின் மனைவி பாத்திமா என்னைத் தேடி வந்தார். அழவில்லை.

"இங்கிலீசுல என்னமோ கேட்டாவ. வக்கீல் தம்பி தலையாட்டச் சொன்னாவ, அவுக ஆட்டிட்டாவ. என்ன கேட்டாவன்னு இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாதுய்யா."

ராமநாதனைக் கூப்பிட்டு, ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் ஏன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தாய் என்று கேட்டேன்.

"எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலை சார். கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சதே அன்னிக்குத்தான். உங்க நோட்ஸ்ல அது இல்லை."

இல்லைதான். பட்டம் வாங்குமுன் மாணவர்கள் ஒரு பருவமாவது கோர்ட்டில் உட்கார வேண்டும் என்று நீ கல்லூரிக்கு எழுதினாய். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். உனக்கு அது தெரியுமா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

இந்த வருஷம் வகுப்பு இரண்டு மடங்காகிவிட்டது. ஜன்னல் விளிம்பில்கூட உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள். சுயராஜ்யம் வரப்போகிறது என்கிறார்கள். இவர்களில் சிலர் நாளை மாஜிஸ்ட்ரேட் ஆவார்கள். கேட்கத் தெரியாத வக்கீலும், அதைக் கவனிக்கத் தெரியாத மாஜிஸ்ட்ரேட்டும். நடுவில் கூண்டில் நிற்கப்போகிறவர்கள் யார் யாரோ?

போன வாரம் போலீஸ் கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கி, அதை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட்டில் மனு போட்டிருக்கிறோம். கட்சிக்காரருக்குக் கேள்வி புரியவில்லை என்று பிரமாணப் பத்திரம் தர ராமநாதன் தயங்கினான். வக்கீல் தொழில் நடத்தும் சன்னது பறிபோய்விடுமோ என்ற பயம். நேற்று கையெழுத்திட்டுக் கொடுத்தான். ஆனால் ஜெயிலில் காதருக்கு விடாத காய்ச்சல். மனு விசாரணைக்கு வரும்வரை தாங்குவாரா?

திங்கட்கிழமை என் வகுப்பு கல்லூரியில் நடக்காது. பிரின்ஸிபால் வேலையை விட்டு நீக்கினாலும் சரி, அத்தனை பேரையும் போலீஸ் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே வராந்தாவில் விலங்கோடு காத்திருக்கிறவர்களிடம், என்ன நடந்தது என்று அவரவர் பாஷையில் கேட்காமல் ஒருவனும் வீடு திரும்பக் கூடாது. நானும்தான். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தும் உன்னிடம் படிக்காமல் போன
தம்பி